பகடை உருளும்போது மேஜையைப் பாருங்கள்

நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, பேசிப் பேசியே ஒரு சாகசக் கதையை நடத்தும் விளையாட்டு ரோல்பிளேயிங். அதில் ஒரு கதாபாத்திரம் எவ்வளவு சுலபமாகச் சாகலாம் என்று விதி வகுப்பதில்தான் வடிவமைப்பாளரின் கைத்திறன் தெரியும். அதை ரசிக்க நான் முதலில் பார்ப்பது, அந்தக் கதாபாத்திரத்தை உருவாக்க எவ்வளவு நேரம் பிடித்தது என்பதை.

1981இல் வந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ பேசிக் தொகுப்பில் புது மந்திரவாதியின் உயிர்ப் புள்ளிகளுக்கு நாலுமுகப் பகடை. அவன்மேல் விழும் சாதாரண அடிக்கு ஆறுமுகப் பகடை. பூஜ்யத்தைத் தொட்டால் கதை முடிந்தது. கொடுமைதான். ஆனால் சில நிமிடங்களில் அடுத்த ஆளை எழுதிக்கொண்டு வந்துவிடலாம். சாவு இவ்வளவு கிட்டத்தில் இருப்பதால் கதவில் காதை வைத்துக் கேட்பதும், சண்டையே போடாமல் நழுவுவதும் பெரிய சாமர்த்தியங்களாகிவிடுகின்றன.

அதே விளையாட்டின் 2014இன் ஐந்தாம் பதிப்பு வேறு மாதிரி. அங்கே பின்கதையும் திறமைகளும் சேர்த்து ஆளை உருவாக்கவே நேரமாகும். அதனால் சாவும் நிதானமாக வருகிறது. பூஜ்யத்துக்கு வந்தவர் மயங்கி விழுவார். தன் முறை வரும்போதெல்லாம் இருபதுமுகப் பகடையை உருட்ட வேண்டும். 10 அல்லது அதற்கு மேல் மூன்று தடவை விழுந்தால் பிழைப்பார். அதற்குக் கீழே மூன்று தடவை விழுந்தால் போய்விடுவார். இரண்டு தோல்வி ஆன பிறகு அந்த மேஜையைக் கவனியுங்கள். சிப்ஸ் பாக்கெட்டில் கை விட்டவர் அப்படியே நிற்பார். பக்கத்து ஆள், “என் முறை வந்ததும் ஓடி வந்து மருந்து கொடுக்கிறேன், தாங்கு” என்பார். விதி வாங்கித் தருவது இந்தத் தவிப்பைத்தான். ஆட்டத்தை நடத்துபவர் பகடையைத் திரைக்குப் பின்னால் உருட்டி ரகசியமாகக் காப்பாற்றினால் அந்தத் தவிப்பு செத்துவிடும். எல்லோர் கண்முன்னும் உருட்டுவதே நியாயம்.

எனக்கு மிகவும் பிடித்தது ‘டிரெட்’ என்ற திகில் விளையாட்டு. பகடையே கிடையாது, நடுவில் கட்டைகளை அடுக்கிய ஜெங்கா கோபுரம். ஆபத்தான காரியத்துக்கு ஒரு கட்டையை உருவ வேண்டும். கோபுரம் சரிந்தால் உருவியவரின் கதாபாத்திரம் கதையிலிருந்து விலக வேண்டியதுதான். உருவ மறுக்கலாம், காரியம் கெடும், உயிர் தங்கும். இன்னொரு வழியும் உண்டு. நண்பர்களைக் காப்பாற்ற, தெரிந்தே கோபுரத்தைத் தட்டிவிடலாம். கட்டைகள் சிதறும், அவர் போய்விடுவார், ஆனால் செய்ய நினைத்த காரியம் நிறைவேறும்.