கார் சாய்வது குற்றமா?

சென்ற மாதம் என் மாணவர் ஒருவர் இரண்டு படங்களைக் கொண்டுவந்து காட்டினார். இரண்டிலும் ஜப்பானிய மாஸ்டா நிறுவனத்தின் எம்.எக்ஸ்-5 என்னும் விளையாட்டுக் கார், ஒரே வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. முதல் படத்தில் கார் வெளிப்பக்கமாக நன்கு சாய்ந்திருந்தது. இரண்டாவது படத்தில், சஸ்பென்ஷனில் தடித்த தண்டுகளைப் பொருத்திய பிறகு, ஏறக்குறைய நிமிர்ந்து நின்றது. “இரண்டாவது கார்தானே சாலையை நன்றாகப் பற்றும்?” என்று கேட்டார். இப்படங்கள் சொல்லாமல் சொல்லும் வாதம் இதுதான்: சாய்வு குறைந்தால் பிடிப்பு கூடும். இந்த வாதம் சரிதானா என்று ஆராய்வோம்.

எம்.எக்ஸ்-5, 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமாயிற்று. இருவர் மட்டுமே அமரக்கூடிய, கூரை திறக்கும் சிறு கார். 2015இல் விற்பனைக்கு வந்த நான்காம் தலைமுறைக் காரின் எடை ஏறத்தாழ 1,000 கிலோகிராம்தான். அதன் சஸ்பென்ஷன் சற்றே மென்மையானது. அதனால் வளைவில் சாய்வு கண்ணுக்குத் தெரிகிறது. வாங்கியவர்களில் பலர் முதலில் மாற்ற நினைப்பதும் இதைத்தான்.

பேருந்து சட்டென்று திரும்பும்போது நாம் வெளிப்பக்கம் சரிகிறோம் அல்லவா? காரிலும் அதுவே நடக்கிறது. வளைவின் மையத்தை நோக்கிக் காரைத் திருப்பும் உராய்வு விசை தரைமட்டத்தில், டயரில் செயற்படுகிறது. ஈர்ப்பு மையமோ அதற்கு மேலே இருக்கிறது. இந்த உயர வேறுபாட்டால் உள்பக்க டயர்களின் சுமை குறைந்து, வெளிப்பக்க டயர்களின் சுமை கூடுகிறது. எவ்வளவு?

சுமை மாற்றம் = எடை × பக்கவாட்டு முடுக்கம் × ஈர்ப்பு மைய உயரம் ÷ இரு பக்கச் சக்கரங்களின் இடைவெளி.

ஓட்டுநருடன் எடை 1,100 கிலோகிராம், முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.6 பங்கு, உயரம் 0.5 மீட்டர், இடைவெளி 1.5 மீட்டர் என்று கொள்வோம். விடை 220 கிலோகிராம். நேராகச் செல்கையில் பக்கத்துக்கு 550 கிலோகிராம் சுமந்த டயர்கள், இப்போது வெளியே 770, உள்ளே 330 என்று சுமக்கின்றன. சூத்திரத்தை மறுபடி பாருங்கள். அதில் வில்லின் விறைப்புக்கு இடமே இல்லை!

சாய்வதால் ஈர்ப்பு மையம் சற்று வெளிப்பக்கம் நகர்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சாய்வு 4 பாகை, ஈர்ப்பு மையம் சாய்வு அச்சுக்கு 0.4 மீட்டர் மேலே என்று கொண்டால், அது நகரும் தூரம் 2.8 சென்டிமீட்டர், கூடுதல் சுமை மாற்றம் சுமார் 20 கிலோகிராம். சாய்வைப் பாதியாக்கினால் இதில் 10 கிலோகிராம் மிச்சம். அதாவது 240 என்பது 230 ஆகிறது. படத்தில் பாதியாகத் தெரியும் மாற்றம், டயருக்கு நூற்றுக்கு நாலு பங்குதான்.

அப்படியானால் அந்தத் தடித்த தண்டு என்னதான் செய்கிறது? ஆன்ட்டி ரோல் பார் எனப்படும் இது, இடச் சக்கரத்தையும் வலச் சக்கரத்தையும் இணைக்கும் ‘ப’ வடிவ எஃகுத் தண்டு. ஒரு சக்கரம் மேலேறி மற்றது கீழிறங்கும்போது தண்டு முறுக்கப்பட்டு, அதை எதிர்க்கிறது. அதன் முறுக்க விறைப்பு விட்டத்தின் நான்காம் படிக்கு நேர்விகிதத்தில் அமையும். 22 மில்லிமீட்டர் தண்டுக்குப் பதில் 25 மில்லிமீட்டர் தண்டு போட்டால் விறைப்பு 1.67 மடங்காகிறது. வெறும் 3 மில்லிமீட்டர்தானே என்று எண்ணுவது தவறு.

இங்கேதான் ஆபத்து இருக்கிறது. மொத்தச் சுமை மாற்றத்தை முன் அச்சும் பின் அச்சும் பங்கிட்டுக்கொள்கின்றன. எந்த அச்சு விறைப்பானதோ அது அதிகப் பங்கை ஏற்கிறது. உராய்வு விசை சுமைக்கு நேர்விகிதத்தில் அமையும் என்று பள்ளியில் படித்தோம். ரப்பர் டயர் இவ்விதிக்கு முழுமையாகக் கட்டுப்படுவதில்லை. சுமை ஏற ஏற அதன் உராய்வுக் குணகம் குறைகிறது. உதாரணத்துக்காகச் சில எண்களைக் கொள்வோம். பின் டயர் இரண்டும் 275 கிலோகிராம் வீதம் சுமக்கும்போது குணகம் 1.00, மொத்தப் பிடிப்பு 550. சுமை 385, 165 என்று பிரிந்தால் குணகங்கள் 0.94, 1.06, மொத்தப் பிடிப்பு 537. பின் தண்டை மட்டும் தடிமனாக்கியதால் 440, 110 என்று பிரிந்தால் குணகங்கள் 0.91, 1.09, மொத்தம் 520 ஆகிவிடுகிறது. சாய்வு குறைந்தது, பின்புறப் பிடிப்பும் குறைந்தது. மழை நனைத்த சாலையில் இத்தகைய கார், பின்பக்கம் வழுக்கிச் சுழன்றுவிடக்கூடும். நிமிர்ந்து நிற்கும் காரின் படம் இந்த அபாயத்தைக் காட்டாது.

இன்னொரு குறையும் உண்டு. தண்டு இரு சக்கரங்களையும் பிணைப்பதால், ஒரு சக்கரம் குழியில் விழுந்தால் மற்றதும் அதிர்கிறது. கரடுமுரடான சாலையில் டயர் தரையைத் தொடர்ந்து தொடுவதே கடினமாகிறது.

தண்டை மாற்றுவோர் பக்கத்து நியாயத்தையும் சொல்லவேண்டும். சாய்வு மிகுந்தால் சில வகை சஸ்பென்ஷன்களில் டயர் தன் விளிம்பில் நிற்க நேரிடும். அங்கே சாய்வைக் குறைப்பது பிடிப்பைக் கூட்டும். ஸ்டியரிங் திருப்பியவுடன் கார் விரைந்து பணிவதும் உண்மையே. முன்பின் சமநிலையைத் திருத்தவும் தண்டு நல்ல கருவி. ஆனால் எம்.எக்ஸ்-5இல் முன்னே இரட்டை விஷ்போன், பின்னே பல இணைப்புக் கைகள் கொண்ட அமைப்பு இருப்பதால், உடல் சாய்ந்தாலும் டயரின் கோணம் பெரிதும் கெடுவதில்லை. முதல் நியாயம் இக்காருக்கு அவ்வளவாகப் பொருந்தாது.

தயாரிப்பாளர் கண்ட வழி வேறு. 2021 இறுதியில் மாஸ்டா இக்காரில் ஒரு புதிய ஏற்பாட்டை அறிவித்தது. வேகமான வளைவில் உள்பக்கப் பின்சக்கரத்துக்கு மட்டும் மிக இலேசாகப் பிரேக் கொடுக்கப்படுகிறது. இணைப்புக் கைகளின் அமைப்பால், அந்தப் பிரேக் விசை மேலெழும்பும் உடற்பகுதியைக் கீழே இழுக்கிறது. கூடுதல் பாகமோ எடையோ இல்லை. நேர்ச்சாலையில் மென்மையும் கெடுவதில்லை. இதிலும் மொத்தச் சுமை மாற்றம் மறைந்துவிடுவதில்லை. பிரேக் போடுவதால் இயக்க ஆற்றலில் ஒரு துளி வெப்பமாக வீணாகிறது. ஆயினும், தேவையான கணத்தில் மட்டும் செயற்படும் இம்முறை, எந்நேரமும் விறைத்திருக்கும் தண்டைவிட அறிவுக்கு ஒத்தது என்பது என் கருத்து.

ஆகவே சாய்வு ஒரு குற்றமல்ல. சுமை மாற்றம் நடப்பதைக் காட்டும் அறிகுறி. அறிகுறியை மறைப்பது மருத்துவம் ஆகாது. மாற்ற விரும்புவோர் முதலில் டயரையும் ஷாக் அப்சார்பரையும் சோதிக்கட்டும். தண்டை மாற்றினால் முன்பின் விகிதம் கெடாமல் சிறிது சிறிதாக மாற்றட்டும். பொதுச் சாலையில் அல்லாமல் பயிற்சித் தடத்தில் ஓட்டிப் பார்க்கட்டும்.

படம் கொண்டுவந்த மாணவருக்கு ஒரு கணக்குக் கொடுத்தனுப்பினேன். வாசகர்களும் செய்து பார்க்கலாம். ஈர்ப்பு மையத்தை 5 சென்டிமீட்டர் தாழ்த்தினால் 220 என்பது எவ்வளவாகும்? அந்த மிச்சத்தைத் தண்டு தந்த 10 கிலோகிராமோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.