ஐஆர்சி மரபில் சூழல் மாறிகள்

ஃபின்லாந்தின் ஔலு பல்கலைக்கழகத்தில் 1988 ஆகஸ்டில் யார்க்கோ ஒய்க்கரினென் ஐஆர்சி என்ற இணைய அரட்டை அமைப்பை எழுதினார். முனையத்தின் முன் அமர்ந்து அரட்டையடித்தவர்கள் தங்கள் புனைபெயரையும் சர்வரையும் நிரலுக்கு எப்படிச் சொல்வது? வழி முன்பே இருந்தது. 1979இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பு சூழல் மாறிகளைத் தந்திருந்தது.

மாறிக்கு மதிப்புத் தருவதில் ஷெல்கள் இரண்டு பள்ளிகளாகப் பிரிந்தன. பார்ன் ஷெல்லில் மதிப்பைக் கொடுத்தபின் ‘எக்ஸ்போர்ட்’ செய்யவேண்டும். மறந்தால் அது ஷெல்லுக்குள்ளேயே தங்கிவிடும், அரட்டை நிரலுக்குப் போய்ச் சேராது. சமக்குறியின் இருபுறமும் இடைவெளி விட்டாலும் பிழைதான். பில் ஜாயின் சி ஷெல்லில் ‘செட்என்வ்’ என்ற ஒரே கட்டளையில் வேலை முடிந்துவிடும். எழுதுவதற்கு இது எளிது. ஆனாலும் பாசிக்ஸ் தரம் பார்ன் வழியையே ஏற்றது. இன்று புதிதாகக் கற்பவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான்.

மைக்கேல் சாண்ட்ராஃபின் ஐஆர்சி-டூ என்ற அரட்டை நிரல், சூழல் மாறி மரபின் மூலநூல் போன்றது. அதில் ஐஆர்சிநிக் என்ற மாறி புனைபெயரையும், ஐஆர்சிநேம் பயனர் விவரத்தையும், ஐஆர்சிசர்வர் சர்வர் பட்டியலையும் தரும். பட்டியலில் பெயர்களுக்கிடையே இடைவெளி வருவதால் முழுவதையும் மேற்கோள் குறிக்குள் வைக்கவேண்டும். கட்டளை வரியிலேயே பெயரைக் கொடுத்தால் அதுவே முந்தும். இந்த முன்னுரிமை வரிசைதான் மரபின் உயிர்நாடி: நிரந்தரப் பழக்கம் சூழலில் இருக்கும், இன்றைய தேவை கட்டளையில் வரும். புனைபெயருக்கு ஐஆர்சி நெறிமுறை ஆவணமான 1993இன் ஆர்எஃப்சி 1459 ஒன்பது எழுத்து வரம்பு வைத்தது. மாறியில் நீளமாக எழுதி வைத்து அன்று என்ன பயன்?

டிமோ சிரைனெனின் இர்சி என்ற அரட்டை நிரல் 1999இல் அமைப்புக் கோப்பை முன்னிறுத்தியது. அதில் புனைபெயர் இல்லாதபோதுதான் ஐஆர்சிநிக் பார்க்கப்படும். 2003இல் தோன்றிய வீசாட் சூழலிலிருந்து இன்னும் விலகிப்போனது. வீசாட்ஹோம் என்ற மாறி, கோப்புகள் இருக்கும் இடத்தை மட்டும் சுட்டும்.

இப்படிச் சூழல் சுருங்கியதில் எனக்கு மனக்குறை உண்டு. பல கணினிகளில் உள்நுழைபவருக்கு, ஆள் யார் என்பதைச் சூழலும் நடத்தை எப்படி என்பதைக் கோப்பும் சொல்வதே சீரான பிரிவினை.

கடவுச்சொல்லை மட்டும் சூழலில் வைக்கவே கூடாது. ‘எக்ஸெக்’ கட்டளை வழியாக அரட்டைக்குள்ளிருந்து இயக்கும் ஒவ்வொரு நிரலும் அதைப் பெற்றுக்கொள்ளும். பழைய யூனிக்ஸ் கணினிகளில் ‘பிஎஸ்’ கட்டளையே பிறர் கண்ணுக்கும் அதைக் காட்டிவிடும். உரிமையாளர் மட்டும் படிக்கும்படி 600 அனுமதி கொண்ட கோப்பில் அதை வையுங்கள்.