எந்தப் பெட்டியிலும் ஓடும் அட்டைக்கட்டு

ஜப்பானிய மொழியில் 'அன்கி' என்றால் மனப்பாடம். அந்தப் பெயரில் 2006 முதல் ஒரு மென்பொருள் இருக்கிறது. டேமியன் எல்ம்ஸ் உருவாக்கியது. அட்டையின் ஒரு பக்கம் சொல், மறுபக்கம் பொருள். தெரிந்த சொல் பல நாள் கழித்து வரும். தடுமாறிய சொல் கடன்காரனைப் போல மறுநாளே வாசலில் நிற்கும்.

எனக்குப் பிடித்தது, அது எங்கும் ஓடும் அழகு. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இலவசம். பைத்தானில் எழுதி, திரை வேலையை 'க்யூடி' கருவித்தொகுப்பிடம் விட்டதால் மூன்றுக்கும் ஏறக்குறைய ஒரே நிரல் போதுகிறது. ஆண்ட்ராய்டுக்குத் தன்னார்வலர்கள் 'அன்கிட்ராய்டு' எழுதினார்கள், அதுவும் இலவசம். ஐபோன் செயலிக்கு மட்டும் காசு. அந்த வருமானம் மற்றவற்றின் வளர்ச்சிக்கும் கைகொடுக்கிறது.

சூட்சுமம் கோப்பில் இருக்கிறது. பகிரப்படும் அட்டைக்கட்டைப் பிரித்தால் அது சாதாரண ஜிப் பொட்டலம். உள்ளே எஸ்க்யூலைட் தரவுத்தளம். இரண்டையும் படிக்கத் தெரியாத இயங்குதளம் இன்று அரிது. அதனால் வீட்டு லினக்ஸில் சேர்த்த ஜெர்மன் சொற்களைப் பேருந்தில் கைபேசியிலேயே புரட்டலாம்.

லினக்ஸ்காரர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் விநியோகத்தின் களஞ்சியத்தில் இருப்பது பழைய பதிப்பாக இருக்கக்கூடும். அன்கியின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கி நிறுவுங்கள். பிறகு தினமும் பத்து அட்டை போதும்.