பந்துக்குப் பெயர் கேட்டவன்

லிஃப்டுக்குள் பந்தோடு ஒரு சிறுவன் நுழைகிறான். உள்ளே சாம்பல் நிற ஜாக்கெட் போட்ட ஒல்லியான மனிதர் ஒருவர் நிற்கிறார். "நீங்க ஸ்டாஸியிலயா இருக்கீங்க?" என்று சிறுவன் கேட்கிறான். "ஸ்டாஸின்னா என்னன்னு தெரியுமா உனக்கு?" "ஆளுங்கள ஜெயில்ல போடுற கெட்டவங்கன்னு அப்பா சொன்னாரு." அவருடைய தொழில்புத்தி உடனே விழித்துக்கொள்கிறது. "அப்படியா? பேரு என்ன, உன்னோட..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொள்கிறார். "என்னோட?" என்கிறான் சிறுவன். ஒரு கணம் திணறிவிட்டு, "உன்னோட பந்துக்கு" என்று முடிக்கிறார். பந்துக்கெல்லாம் பேர் வைப்பார்களா என்று பையன் அவரை லூசைப் பார்ப்பதுபோல் பார்க்கிறான்.

2006இல் வெளிவந்த 'மற்றவர்களின் வாழ்க்கை' என்ற ஜெர்மன் படத்தின் காட்சி இது. ஃப்ளோரியான் ஹென்கெல் ஃபான் டோனர்ஸ்மார்க் இயக்கிய முதல் முழுநீளப் படம். சிறந்த அயல்மொழிப் படத்துக்கான ஆஸ்கரும் வாங்கியது. கண்காணிப்பு பற்றிப் பேச்சு வந்தால் நம்மில் பலரும் முதலில் சொல்லும் படம் இதுதான். எனக்கும் பிடித்த படம். ஆனால் மூன்றாம் முறை பார்த்தபோது ஒரு சந்தேகம் வந்தது. இந்தப் படம் நம்மைக் கொஞ்சம் ஏமாற்றுகிறதோ?

கதை நடப்பது 1984இல், கிழக்கு பெர்லினில். நாடகாசிரியர் ட்ரைமானின் வீட்டில் ஒட்டுக்கேட்புக் கருவிகளைப் பொருத்திவிட்டு, அதே கட்டடத்தின் பரண் அறையில் காதில் ஹெட்ஃபோனோடு உட்காருகிறார் ஸ்டாஸி அதிகாரி வீஸ்லர். ஒரு மந்திரிக்கு ட்ரைமானின் காதலி கிறிஸ்டாமேல் கண். இந்த வேவுக்குக் காரணமே அதுதான். கேட்கக் கேட்க வீஸ்லர் மாறுகிறார். ட்ரைமானின் வீட்டிலிருந்து பிரெக்ட் புத்தகத்தைத் திருடி வந்து படிக்கிறார். நண்பரின் தற்கொலைச் செய்தி கேட்டு ட்ரைமான் பியானோ வாசிக்கும்போது மேலே இவர் கண்ணீர் விடுகிறார். கடைசியில் அறிக்கையில் பொய் எழுதி, கதவு நிலைப்படிக்கு அடியில் மறைத்து வைத்திருந்த தட்டச்சு இயந்திரத்தையும் அப்புறப்படுத்தி ட்ரைமானைக் காப்பாற்றுகிறார்.

இப்படி ஒரு ஆள் நிஜத்தில் இருந்ததில்லை என்ற விமர்சனம் அப்போதே வந்தது. ஹோஹென்ஷோன்ஹவுஸன் சிறை நினைவகத்தின் இயக்குநராக இருந்த ஹூபெர்டுஸ் க்னாபே அங்கே படப்பிடிப்புக்கு அனுமதி தரவில்லை. இயக்குநர் ஷிண்ட்லரை உதாரணம் காட்டியபோது, ஷிண்ட்லர் என்று ஒருவர் இருந்தார், வீஸ்லர் என்று ஒருவர் இருந்ததே இல்லை என்பது அவருடைய பதில். 'ஸ்டாஸிலாந்து' எழுதிய ஆனா ஃபண்டரும் இதைத்தான் சொன்னார். ஆனால் அவர் அதற்குக் காரணமும் தந்தார். வேலை துண்டுதுண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. வேவு பார்ப்பவனையும் இன்னொருவன் வேவு பார்த்தான். மனம் மாறினாலும் ஒரு தனி ஆளால் எதுவும் செய்திருக்க முடியாது.

இது வரலாற்றுப் பிழை பற்றிய விமர்சனம். என் சிக்கல் வேறு. வீஸ்லர் இருந்தாரா இல்லையா என்பதைவிட, நமக்கு ஏன் வீஸ்லர் தேவைப்படுகிறார் என்பதுதான் என் கேள்வி. கண்காணிப்பு என்றதும் நாம் ஒரு ஆளைக் கற்பனை செய்கிறோம். சுவருக்கு அப்பால் ஒரு காது, சாவித்துவாரத்தில் ஒரு கண். ஆள் இருந்தால் அவனை வெறுக்கலாம், மன்னிக்கலாம். நம் சோகத்தைக் கேட்டு அவன் அழவும் கூடும். நம்மை ஒருவர் முழுசாகக் கேட்கிறார் என்பதில் ரகசியமான ஒரு ஆறுதலும் இருக்கிறது. ட்ரைமானின் வாழ்க்கையில் அவரை அவ்வளவு கவனமாகக் கேட்டது வேறு யார்? படம் விற்கும் ஆறுதல் இதுதான்.

லாரா பாய்ட்ரஸ் எடுத்த 'சிட்டிசன்ஃபோர்' (2014) அந்த ஆறுதலை எடுத்துவிடுகிறது. 2013 ஜூனில் ஹாங்காங்கின் ஓட்டல் அறை ஒன்றில் எட்வர்ட் ஸ்னோடன் பத்திரிகையாளர்களைச் சந்தித்த நாட்கள்தான் படத்தின் மையம். வெள்ளைப் படுக்கை, கலைந்த தலை, லேப்டாப். தீ எச்சரிக்கை மணி அடித்தால் எல்லோரும் விறைத்துப்போகிறார்கள். பாஸ்வேர்ட் அடிக்கும்போது ஸ்னோடன் தலையோடு சிவப்புத் துணியைப் போர்த்திக்கொள்கிறார். முதல் தடவை பார்த்தபோது சிரிப்பு வந்தது. பிறகுதான் உறைத்தது: இந்தப் படத்தில் எதிராளி திரைக்கே வரவில்லை. பரண் அறை இல்லை, ஹெட்ஃபோன் இல்லை.

அந்த ஜூனில் வெளிவந்த முதல் செய்தியை நினைத்துப் பாருங்கள். வெரைசன் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களின் அழைப்பு விவரங்களைத் தினந்தோறும் அமெரிக்க தேசியப் பாதுகாப்பு முகமைக்குத் தர வேண்டும் என்ற ரகசிய நீதிமன்ற உத்தரவு அது. கேட்டது பேச்சை அல்ல. எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்பதை மட்டும். மெட்டாடேட்டா. "பேச்சைக் கேக்கல இல்ல, அப்புறம் என்ன?" என்று அன்றைக்குப் பலரும் சமாதானம் சொன்னார்கள். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு ஒருத்தி தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்கு நாற்பது நிமிடம் பேசினாள் என்று தெரிந்தால், என்ன பேசினாள் என்று தனியாகக் கேட்க வேண்டுமா? மெட்டாடேட்டாவை வைத்து ஆட்களைக் கொல்கிறோம் என்று அந்த முகமையின் முன்னாள் தலைவர் மைக்கேல் ஹேடன் 2014இல் ஒரு விவாத மேடையில் வெளிப்படையாகவே சொன்னார்.

இங்கேதான் அந்த லிஃப்ட் காட்சி முக்கியமாகிறது. படத்தின் உச்சம் பியானோ அல்ல, லிஃப்ட்தான் என்பேன். "உன் அப்பா பேரு என்ன?" என்ற கேள்வி வாயிலிருந்து பாதி வந்த பிறகு ஒரு மனிதன் அதை விழுங்குகிறான். எந்த அதிகாரத்தின் கீழும் ஒரு ஆள் இருக்கும்வரை அந்தத் தயக்கத்துக்கு, மிகச் சிறியதாகவேனும், இடம் உண்டு. படிவத்தின் கட்டத்துக்குத் தயங்கத் தெரியாது. அது அப்பாவின் பெயரைத்தான் கேட்கும். நிரப்பாவிட்டால் சிவப்பு நட்சத்திரம் காட்டி அடுத்த பக்கம் போகவிடாது.

சரி, இதெல்லாம் பெர்லின் கதை, அமெரிக்கக் கதை. நமக்கென்ன?

1989இல் ஸ்டாஸியின் முழுநேர ஊழியர்கள் சுமார் 91,000 பேர். அதைவிட எண்ணிக்கையில் அதிகமானவர்கள் ரகசியமாகத் தகவல் தந்த சாதாரண மக்கள்: பக்கத்து வீட்டுக்காரர், சக ஊழியர், கணவன், மனைவி. நம் ஊர்ச் சொல்லில் ஆள்காட்டிகள். படத்தில் கிறிஸ்டாவும் கடைசியில் ஆள்காட்டியாக்கப்படுகிறாள். அதற்கு மிரட்டல் தேவைப்படுகிறது, விசாரணை அறை தேவைப்படுகிறது. அந்தக் குற்ற உணர்வே அவளைக் கொல்கிறது.

என் நண்பன் ஒருவன் அவசரத்துக்கு ஒரு கடன் ஆப்பில் ஐயாயிரம் ரூபாய் வாங்கினான். தவணை தவறியது. ஒரு நாள் காலையில் அவன் போட்டோவைப் போட்டு, திருடன் என்று எழுதி, அவன் போனிலிருந்த அத்தனை பேருக்கும் வாட்ஸப் வந்தது. பெரியப்பாவுக்கு, மேனேஜருக்கு, தண்ணீர் கேன் போடுகிறவருக்கு, எனக்கு. நேரில் பார்த்தபோது அவன் முதலில் சொன்னது: "உன் நம்பரையும் குடுத்துட்டேன்டா, மன்னிச்சிரு." எனக்கு அது விசித்திரமாக இருந்தது. மானம் போனது அவனுக்கு. மன்னிப்பு கேட்பதும் அவன்.

ஆனால் அவன் சொன்னது சரி. காண்டாக்ட்ஸுக்கு அனுமதி கேட்கும்போது 'அலோ' என்று அழுத்துகிறோமே, அது நம் தரவு மட்டுமல்ல. அதில் நானூறு பேர் இருக்கிறார்கள், அவர்களை யாரும் கேட்கவில்லை. 2018இல் அம்பலமான கேம்பிரிட்ஜ் அனலிடிகா விவகாரமும் இதே கதைதான். ஆளுமைத் தேர்வு ஆப் ஒன்றை நிறுவியவர்கள் சில லட்சம் பேர்; அவர்களின் நட்புப் பட்டியல் வழியாக, 8.7 கோடிப் பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று ஃபேஸ்புக்கே சொன்னது. அந்தச் சில லட்சம் பேரும் நண்பர்களைக் காட்டிக்கொடுக்கவா உட்கார்ந்தார்கள்? நீ என்ன மாதிரி ஆள் என்று தெரிந்துகொள்ள உட்கார்ந்தார்கள். "என்கிட்ட மறைக்க ஒண்ணுமில்லை" என்று தாராளமாகச் சொல்பவர்களிடம் எனக்குள்ள ஒரே கேள்வி இதுதான்: உங்களிடம் இல்லை, உங்கள் போனில் இருக்கிற மற்றவர்களிடம்?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். பெரிய தீர்ப்பு. ஆனால் அந்தரங்கத்தை என் தனிச்சொத்தாக, என் வீட்டுக் கதவாக நினைக்கும்வரை நாம் பாதியைத்தான் பேசுகிறோம். அது ஒருவருக்கொருவர் காக்கும் நம்பிக்கையும்கூட. 'மற்றவர்களின் வாழ்க்கை' என்ற தலைப்புக்கு இன்று வேறு அர்த்தம் வந்திருக்கிறது. மற்றவர்களின் வாழ்க்கை நம் கையில் இருக்கிறது. ஆள்காட்டி விரலால் அதைத்தான் அழுத்திக்கொண்டிருக்கிறோம்.

சுவர் விழுந்த பிறகு ட்ரைமான் ஆவணக் காப்பகத்துக்குப் போய்த் தன் கோப்பைக் கேட்கிறார். கட்டுக்கட்டாக வருகிறது. கடைசி அறிக்கையில் சிவப்பு மையில் ஒரு விரல் ரேகை. தன்னைக் காப்பாற்றியது யார் என்று அவருக்குப் புரிகிறது. இந்தப் பகுதி கற்பனை இல்லை. 1992 முதல் கிழக்கு ஜெர்மானியர்கள் தங்கள் கோப்புகளைப் படித்தார்கள், காட்டிக்கொடுத்தவர்கள் யாரென்று தெரிந்துகொண்டார்கள். நம்மிடம் 2023இல் இயற்றிய தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நம்மைப் பற்றி வைத்திருப்பதன் சுருக்கத்தை நிறுவனங்களிடம் கேட்கும் உரிமை அதில் உண்டு. அரசு தான் விரும்பும் தன் அமைப்புகளுக்கு விலக்கு அளித்துக்கொள்ளவும் வழி உண்டு.

அம்மாவுக்குப் புது சிம் வாங்கிய மாதம், கூரியர்காரருக்கு வழி சொல்ல அந்த எண்ணிலிருந்து கூப்பிட்டார். அவர் போனில் 'அம்மா நியூ' என்று பெயர் காட்டியதாம். வீட்டு வாசலில் அதைச் சொல்லிச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. "இந்த நம்பர் நம்ம வீட்டுக்குத்தானே தெரியும். யாருடா குடுத்தது?"

யார் அழைக்கிறார்கள் என்று காட்டும் ஆப்பைக் கல்லூரியிலேயே நிறுவியவன் நான். அம்மாவின் எண்ணை அப்படி சேமித்து வைத்திருந்ததும் நான்தான்.

"தெரியலம்மா" என்றேன்.