விலகினாரா, விலக்கப்பட்டாரா? ஆங்கிலச் சொற்பட்டியல்கள் மீது ஒரு திறனாய்வு

எஸ்.பி.எம். நெருங்கும் மாதங்களில் நம் புலனக் குழுக்களுக்கு ஒரு வகை பிடிஎஃப் தவறாமல் வந்து சேரும். அன்றாடத்துக்கு ஆயிரம் ஆங்கிலச் சொற்கள், வேலையிடத்துக்கு ஐந்நூறு சொற்கள் என்கிற மாதிரி தலைப்பு இருக்கும். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழில் ஒரே ஒரு சொல். தொகுத்தவர் யார் என்று பெரும்பாலும் தெரியாது. மாணவர்கள் அதை அச்செடுத்து வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்கிறார்கள்.

இந்தப் பட்டியல்களைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். இவை பயனில்லாதவை என்பது என் வாதமில்லை. தமிழில் பொருள் எழுதியிருப்பதையும் நான் குறை சொல்லவில்லை. அந்தப் பொருள் பாதியிலேயே நின்றுவிடுவதுதான் குறை. மீதிப் பாதியை நிரப்பும் கருவி தமிழாசிரியர் கையில் ஏற்கெனவே இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பட்டியலின் பிறப்பு

சொற்களைக் குறைத்துத் தேர்ந்து கற்பிக்கலாம் என்ற எண்ணம் பழையது. 1930இல் சி. கே. ஆக்டன் 850 சொற்களில் 'பேசிக் இங்கிலீஷ்' என்ற ஒன்றை அமைத்தார். அதில் 600 சொற்கள் பொருள்களின் பெயர்கள், 150 பண்புச் சொற்கள். செயலுக்கும் இணைப்புக்கும் சேர்த்து மிச்சம் 100தான். அடுத்து வந்தவர் மைக்கேல் வெஸ்ட். இவர் வங்காளத்தில், டாக்காவில் கல்விப்பணி செய்தவர். நம்மைப் போன்ற இருமொழி மாணவர்களை நேரில் பார்த்தவர். 1953இல் வெளிவந்த இவருடைய 'ஜெனரல் சர்வீஸ் லிஸ்ட்' சுமார் 2000 சொற்களைக் கொண்டது.

வெஸ்ட் வெறும் சொல்லை மட்டும் அடுக்கவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். ஒரு சொல்லுக்கு என்னென்ன பொருள்கள் உண்டு, எந்தப் பொருளில் எத்தனை விழுக்காடு வழங்குகிறது என்று பிரித்துக் காட்டினார். பிற்காலத்தில் நகல் எடுத்தவர்கள் விழுக்காட்டை விட்டார்கள், பொருள் வேறுபாட்டையும் விட்டார்கள். தலைச்சொல் மட்டும் மிஞ்சியது. நம் கைத்தொலைபேசிக்கு வருவது அந்த எலும்புக்கூடுதான்.

கேரி தீவில் கற்ற சொற்கள்

பெயர்ச்சொற்களை மட்டும் சேர்த்துக்கொண்டு போவது நம் நாட்டுத் தமிழர்களுக்குப் புதிதில்லை. கேரி தீவை எடுத்துக்கொள்வோம். கோல லங்காட் மாவட்டத்தில், ஓர் ஆங்கிலேயத் தோட்டக்காரரின் பெயரைத் தாங்கி நிற்கும் தீவு அது. இன்று அங்கே கண்ணுக்கு எட்டியவரை செம்பனை. இந்தத் தீவிலும் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களிலும் வேலை செய்த நம் முன்னோர் எந்தப் பட்டியலும் இல்லாமலேயே வேலையிட ஆங்கிலம் கற்றார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்க நிறுத்துவது பெரட்டு. அது 'பரேட்' என்பதன் தோட்டத்து வடிவம். பெயர் பதிவது செக்ரோல். குடியிருப்பு வரிசை லயம், அது 'லைன்'. மருந்து கொடுப்பவர் டிரெஸ்ஸர். துறைமுகப் பக்கம் வந்தால் வண்டியைப் பின்னால் எடுப்பது கோஸ்டான். கப்பல்காரர்களின் 'கோ ஆஸ்டர்ன்' அது.

இந்தச் சொற்கள் இன்றும் மறக்காததற்குக் காரணம், அவை வேலையோடு சேர்ந்து வந்ததுதான். ஆனால் வந்தவற்றைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பெரும்பாலும் இடம், ஆள், நேரம், கணக்கு இவற்றின் பெயர்கள். 'எனக்குச் சேர வேண்டியது', 'நான் ஒப்புக்கொள்ளவில்லை', 'எழுத்தில் கொடுங்கள்' என்று சொல்லும் ஆங்கிலம் லயத்துக்கு வரவில்லை. கேட்கத் தெரியாதவர்கள் என்று இதற்குப் பொருளில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பள உயர்வு கேட்டார்கள், வெள்ளைக்காரரைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கத்தை எடுக்கச் சொன்னார்கள். முன்னின்ற ஆர். எச். நாதன் கைதாகி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். கேட்கும் துணிவு தமிழில் இருந்தது. ஆனால் அதை நிர்வாகத்தின் மொழியில் வைக்க இன்னொருவர் தேவைப்பட்டார்.

இன்று அந்தத் தீவின் பிள்ளைகள் கிள்ளான் துறைமுகத்துக்கும் கிடங்குகளுக்கும் விமான நிலையத்துக்கும் கோலாலம்பூர் அலுவலகங்களுக்கும் வேலைக்குப் போகிறார்கள். அவர்களுக்காக எழுதப் பேச இன்னொருவர் வரப்போவதில்லை.

ஒரே பொருள், மூன்று சொற்கள்

பட்டியல்களில் 'ரிசைன்' என்ற சொல்லுக்கு 'வேலையை விடுதல்' என்று இருக்கும். 'டிஸ்மிஸ்' என்பதற்கு 'வேலை நீக்கம்'. 'ரிட்ரெஞ்ச்' இருந்தால் அதற்கும் 'வேலை நீக்கம்'. படிக்கும் பிள்ளைக்கு மூன்றும் ஒன்றாகவே படும்: வேலை போயிடுச்சு, அவ்வளவுதான்.

சட்டத்தில் அவை மூன்று வெவ்வேறு கதவுகள். தொடர்ந்து 12 மாதமாவது வேலை செய்த ஒருவர் ஆள்குறைப்பில் நீக்கப்பட்டால், 1980ஆம் ஆண்டு விதிமுறைகள் ஒரு குறைந்தபட்ச இழப்பீட்டைச் சொல்கின்றன. இரண்டாண்டுக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம், இரண்டிலிருந்து ஐந்தாண்டுக்குள் என்றால் 15 நாள், ஐந்தாண்டும் அதற்கு மேலும் என்றால் 20 நாள். தானாக விலகியவருக்கு அது பொதுவாகக் கிடையாது. நியாயமில்லாமல் விலக்கப்பட்டதாக நினைப்பவர் 1967ஆம் ஆண்டு தொழிலுறவுச் சட்டத்தின்படி 60 நாளுக்குள் முறையிடலாம். 'நானே விலகுகிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டவர், 'என்னை விலக்கினார்கள்' என்று பிறகு நிரூபிப்பது கடினம். மேசையில் வைத்த கடிதத்தில் எந்தச் சொல் இருக்கிறது என்று புரியாத 19 வயதுப் பையன் இழப்பது ஒரு மதிப்பெண்ணை இல்லை.

இன்னொரு சோடி: 'ரிசீவ்', 'அக்ரீ'. காரணம் கேட்கும் கடிதத்தைப் பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்திடுவது வேறு, அதில் உள்ள குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன் என்று கையெழுத்திடுவது வேறு. இரண்டையும் பட்டியல்கள் 'ஏற்றல்' என்று முடித்துவிட்டால் அந்த வேறுபாடு காணாமல் போகிறது.

தமிழ் இலக்கணம் கைகொடுக்கும் இடம்

ஒரு வினையைச் செய்தது யார், அது யாருக்கு நடந்தது என்பதைப் பட்டியல் சொல்வதில்லை. இதைத்தானே நாம் தன்வினை, பிறவினை, செயப்பாட்டுவினை என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம்? விலகு என்றால் ரிசைன், விலக்கு என்றால் டிஸ்மிஸ். ஒரு 'க்' சேர்ந்ததும் செய்தவர் மாறிவிடுகிறார். சம்பளம் உயர்ந்தது என்றால் 'ரோஸ்', சம்பளத்தை உயர்த்தினார்கள் என்றால் 'ரெய்ஸ்ட்'. நினைவில் வைப்பது 'ரிமெம்பர்', நினைவூட்டுவது 'ரிமைண்ட்'. கற்பது 'லேர்ன்', கற்பிப்பது 'டீச்'. வாங்கு, கொடு என்று தமிழ் பிரித்துச் சொல்வதை வைத்தே 'போரோ', 'லெண்ட்' இரண்டையும் விளக்கலாம். பேச்சு மலாயில் இரண்டுக்கும் 'பிஞ்சாம்' என்றே ஓட்டிவிடுவதால் நம் நாட்டு ஆங்கிலத்தில் இந்தக் குழப்பம் அதிகம்.

இதற்கு எல்லை உண்டு. 'டிரான்ஸ்ஃபர்', 'மூவ்', 'இன்க்ரீஸ்' போன்றவை இரண்டு வேலையையும் ஒரே உருவில் செய்கின்றன. மாறு, மாற்று என்ற வேறுபாடு அங்கே சொல்லில் தெரியாது, வாக்கியத்தில்தான் தெரியும். அடுத்து ஒரு செயப்படுபொருள் வருகிறதா, முன்னால் 'வாஸ்' நிற்கிறதா என்று பார்க்கப் பழக்க வேண்டும்.

நம் பேச்சுத் தமிழும் இதில் கொஞ்சம் ஏமாற்றும். 'மாத்தலாயிடுச்சு', 'வேலை போயிடுச்சு' என்கிறோம். மாற்றியவரும் இல்லை, எடுத்தவரும் இல்லை. மழை பெய்த மாதிரி அது தானாக நடந்துவிட்டது. பிள்ளைகள் ஆங்கிலத்தில் தடுமாறும்போது, தமிழிலேயே அந்த ஆளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். யார் மாத்தினாங்க? யாரு வேண்டாம்னு சொன்னது? விடை கிடைத்துவிட்டால் ஆங்கில வினை தானாக வந்து உட்காரும்.

கூட்டாளிச் சொற்கள்

இன்னொரு குறை, சொல்லைத் தனியாளாக நிறுத்துவது. 'லீவ்' என்றால் விடுப்பு என்று எல்லாருக்கும் தெரியும். தமிழில் நாம் லீவு போடுகிறோம், அதனால் 'புட் லீவ்' என்று எழுதிவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் கேட்கும்போது 'அப்ளை ஃபார் லீவ்', எடுக்கும்போது 'டேக் லீவ்', விடுப்பில் இருக்கும்போது 'ஆன் லீவ்'. அதேபோல் 'இன் சார்ஜ் ஆஃப்' என்றால் பொறுப்பில் இருப்பவர், 'சார்ஜ்ட் வித்' என்றால் குற்றம் சாட்டப்பட்டவர். மேலாளராகவும் ஆகலாம், நீதிமன்றத்திலும் நிற்கலாம். பட்டியலில் 'சார்ஜ்: கட்டணம்' என்று மட்டும் இருந்தால் இரண்டுமே புரியாது.

தேர்வு எழுதும் மாணவர்களே, இது உங்கள் மதிப்பெண்ணுக்கும் வேண்டும். 2021 முதல் நடப்பில் உள்ள 1119 தேர்வில், முதல் தாளின் இரண்டாம் பகுதியில் இடம் விட்ட ஒரு பனுவல் வரும். அங்கே பொருந்தாத விடைகளும் அகராதிப்படி ஏறக்குறைய ஒரே பொருள் தரலாம். பக்கத்துச் சொல்லோடு சேருமா என்பதே சோதனை. இரண்டாம் தாளில் 80 சொல்லில் ஒரு மின்னஞ்சல் எழுதச் சொல்கிறார்கள். ஆயிரம் தனிச்சொற்களை மனப்பாடம் செய்தவரைவிட, இருநூறு சொற்களைக் கூட்டாளிகளோடு தெரிந்தவருக்கே அந்த 80 சொல் எளிதாக வரும்.

எப்படிப்பட்ட பட்டியல் வேண்டும்?

பட்டியலை ஒதுக்க வேண்டாம், இரண்டு கட்டத்திலிருந்து ஐந்து கட்டமாக விரிப்போம். முதலில் ஆங்கிலச் சொல். அடுத்து தமிழ்ப் பொருள், ஒன்றுக்கு மேல் இருந்தால் எல்லாமே. மூன்றாவது, யார் யாருக்குச் செய்வது. நான்காவது, கூடவே வரும் சொல். ஐந்தாவது, வேலையிடத்தில் சொல்லக்கூடிய ஒரு முழு வாக்கியம். 'ரிசைன்' என்ற சொல்லுக்கு மாணவர் இப்படி எழுதலாம்: விலகுதல், ஊழியர் தாமாகச் செய்வது, 'ரிசைன் ஃப்ரம்', 'ஷி ரிசைன்ட் ஃப்ரம் தி கம்பெனி இன் மே'.

சொற்களை அகர வரிசையில் எடுக்காமல் தாள்களிலிருந்து எடுங்கள். ஒரு மாதிரிச் சம்பளச் சீட்டு, ஒரு வேலை நியமனக் கடிதம், கிடங்கு வாசலில் ஒட்டும் ஒரு பாதுகாப்பு அறிவிப்பு போதும். சீட்டில் சேமநிதி, சொக்சோ, மிகைநேரம் எல்லாம் இருக்கும். 'ஓவர்டைம்' என்ற சொல்லோடு, சாதாரண நாளில் அதற்கு மணிக்கூலி ஒன்றரை மடங்கு என்பதையும், 2023 முதல் வாரத்துக்கு 45 மணிநேரமே வேலை உச்சவரம்பு என்பதையும் சேர்த்துச் சொன்னால் மாணவர் அந்தச் சொல்லை மறக்கமாட்டார். வாரத்துக்குப் பத்துச் சொல் போதும். மாணவர்களே நிரப்பட்டும், ஆங்கில ஆசிரியர் வாக்கியத்தைப் பார்க்கட்டும், நாம் தமிழ்க் கட்டங்களைப் பார்ப்போம்.

இது ஆங்கில ஆசிரியரின் வேலை, நமக்கென்ன என்று யாராவது கேட்கலாம். விலகுவதும் விலக்குவதும் வேறு என்று தமிழில் தெளிவாகச் சொல்லத் தெரிந்த பிள்ளையே, கடிதத்தில் எந்தச் சொல் இருக்கிறது என்று நிறுத்திப் பார்க்கும். அந்தத் தெளிவைக் கொடுப்பது தமிழ் வகுப்பின் வேலை. அடுத்த முறை புலனக் குழுவில் ஆயிரம் சொல் வந்தால், அதிலிருந்து பத்தை மட்டும் எடுத்து ஐந்து கட்டம் போட்டு அனுப்புங்கள்.