லெ மான் பந்தயத்தை ரசிப்பது எப்படி?

யார் முதலில் வருகிறார் என்று பார்ப்பதுதானே கார் பந்தயம் என்ற நினைப்போடு பிரான்ஸில் உள்ள லெ மானுக்குப் போகிறவருக்குச் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கே அலுப்புத் தட்டிவிடும். நான்கு மணிக்குத் தொடங்கிய பந்தயம் மறுநாள் நான்கு மணிவரை ஓடும். ஒரு சுற்று 13.626 கிலோமீட்டர். எங்கே நின்றாலும் அதில் ஒரு துணுக்குதான் கண்ணுக்குத் தெரியும். முதலிடத்தில் இருக்கும் கார் நம்மைக் கடந்துவிட்டால், திரும்பி வர ஏறக்குறைய மூன்றரை நிமிடம் ஆகும். அறுபதுக்கும் மேற்பட்ட கார்கள் ஓடுவதால், இருட்டுவதற்குள் யார் எத்தனையாவது என்பதே குழம்பிவிடும். குழம்பட்டும். வேகமான காரும் மெதுவான காரும் ஒரே சாலையை 24 மணி நேரம் எப்படிப் பகிர்ந்துகொள்கின்றன என்பதுதான் இங்கே பார்க்க வேண்டியது.

அதற்கு முதலில் பிரிவுகள் பிடிபட வேண்டும். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித் குமாரின் அணி மூன்றாம் இடம் பெற்றது நினைவிருக்கும். அது மொத்தப் பந்தயத்தில் மூன்றாம் இடம் அல்ல, அந்தக் கார் ஓடிய பிரிவில் மூன்றாம் இடம். லெ மானிலும் அப்படித்தான். ஒரே டிராக்கில் மூன்று பந்தயங்கள் ஒன்றாக நடக்கின்றன. ஃபெராரி, டொயோட்டா, காடிலாக் போன்ற பெரிய நிறுவனங்கள் மோதிக்கொள்ளும் ஹைப்பர்கார் முதல் பிரிவு. ஏறக்குறைய ஒரே மாதிரியான கார்கள் ஓடும் எல்.எம்.பி.2 இரண்டாவது. சாலையில் நாம் பார்க்கும் போர்ஷே 911, கொர்வெட் போன்றவற்றின் பந்தய வடிவங்கள் ஓடும் எல்.எம்.ஜி.டி.3 மூன்றாவது. கடைசிப் பிரிவில், காருக்கு மூவராக ஓட்டுபவர்களில் ஒருவராவது தொழில்முறை சாராதவராக இருந்தாக வேண்டும். பிரிவுக்குப் பிரிவு எண்பலகையின் நிறம் மாறும். ஒருமுறை மனதில் பதிந்துவிட்டால் இருட்டிலும் அடையாளம் தெரியும்.

ஹைப்பர்கார் ஒரு சுற்றை முடிப்பதற்கும் ஜி.டி.3 கார் முடிப்பதற்கும் இடையே அரை நிமிட வித்தியாசம். அதனால் ஏழெட்டுச் சுற்றுக்கு ஒருமுறை ஒவ்வொரு ஜி.டி.3 காரையும் முன்னணிக் கார் தாண்டியாக வேண்டும். பின்னால் வருபவர் முகப்பு விளக்கை மினுக்குவார். முன்னால் போகிறவர் பதறி ஒதுங்கக் கூடாது, தன் பாதையிலேயே சீராகப் போக வேண்டும். தாண்டுகிறவர்தான் இடம் பார்த்துப் போக வேண்டும். போர்ஷே வளைவுகளில் நின்று இதைக் கவனியுங்கள். சுவர்கள் நெருங்கி நிற்கும் அதிவேக வளைவுகள் அவை. அங்கே மெதுவான காருக்குப் பின்னால் சிக்கிய ஹைப்பர்கார் ஒன்றிரண்டு நொடிகளை இழந்துவிடும். துணிந்து நுழைந்தால் பந்தயத்தையே இழக்கலாம். எங்கே பொறுப்பது, எங்கே பாய்வது என்ற அந்தக் கணிப்பில்தான் நல்ல ஓட்டுநர் தெரிவார். என்னைக் கேட்டால், முதலிடத்துக்கான மோதலைவிட இதுவே லெ மானின் உயர்ந்த கலை.

பிரிவுக்கு ஒரு காரை உங்களுடையதாக வைத்துக்கொள்ளுங்கள். காரணம் எதுவாகவும் இருக்கலாம். 2025-இல் வென்ற மஞ்சள் நிற 83-ஆம் எண் ஃபெராரியை ஓட்டியவர்களில் ஒருவர் ராபர்ட் குபிட்சா. 2011-இல் ஒரு ராலி விபத்தில் வலது கையை ஏறக்குறைய இழந்தவர். அந்தக் கதை தெரிந்தவருக்கு அந்த மஞ்சள் கார் கடந்து போகும் ஒவ்வொரு முறையும் நெஞ்சு படபடக்கும்.

தொடக்கத்தைப் பிரதான நேர்ச்சாலையருகே நின்று பாருங்கள். ஒரு காலத்தில் ஓட்டுநர்கள் சாலையின் குறுக்கே ஓடிப்போய்க் காரில் தாவி ஏறிப் புறப்படுவார்கள். அவசரத்தில் பலர் பெல்ட்டைக்கூட ஒழுங்காகப் போட மாட்டார்கள். 1969-இல் ஜாக்கி இக்ஸ் அந்த முறையைக் கண்டித்து நிதானமாக நடந்தே போய், பெல்ட்டை மாட்டிக்கொண்டு கடைசியாகக் கிளம்பினார். கடைசியில் வென்றவரும் அவரே, சுமார் 120 மீட்டர் இடைவெளியில். அடுத்த ஆண்டே அந்த முறை ஒழிந்தது. இதே நேர்ச்சாலையில்தான் 1955-இல் ஒரு கார் கூட்டத்துக்குள் பாய்ந்து எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வேலிக்கும் டிராக்குக்கும் நடுவே இன்று இவ்வளவு இடைவெளி ஏன் என்று யாரும் சலித்துக்கொள்ள வேண்டாம்.

எதிரே, கார்கள் எரிபொருளுக்கும் டயருக்கும் வந்து நிற்கும் பிட். எரிபொருள் நிரப்பும்போது டயரைத் தொடக் கூடாது என்பது விதி. குழாயைக் கழற்றும்வரை டயர் மாற்றுபவர்கள் காத்து நிற்பார்கள், கழன்ற மறுகணம் பாய்வார்கள். அதற்குள் ஒரு ஓட்டுநர் இறங்கி, அடுத்தவரை உள்ளே உட்காரவைத்து, குனிந்து பெல்ட்டை இழுத்து மாட்டிவிடுவார். வியர்வையில் நனைந்த உடை, நடுங்கும் விரல்கள், ஆனாலும் அந்த வேலையில் பிசகு இருக்காது. டயர் மாற்றாமலே அனுப்பும் அணியையும் கவனியுங்கள். ஒரே டயரில் இரண்டு மூன்று முறை ஓட்டி மிச்சம் பிடிக்கும் நொடிகள்தான் ஞாயிறு மதியம் கணக்கில் வந்து நிற்கும்.

ஜூன் மாதம் என்பதால் பத்து மணி சுமாருக்குத்தான் இருட்டும். அந்த இரவுக்காகத்தான் லெ மானுக்கே போக வேண்டும். கொஞ்சம் வெளிச்சம் இருக்கும்போதே பேருந்து பிடித்து அர்னாஜ் வளைவுக்குப் போய்விடுங்கள். டிராக்கிலேயே மெதுவான இடம் அது. மரங்களுக்கு நடுவே முதலில் ஒரு வெளிச்சம் அசையும். பிறகு சத்தம். அதன்பின் கார் இண்டியானாபொலிஸ் வளைவைக் கடந்து நம்மை நோக்கி வரும். பிரேக் அழுத்திய சக்கரங்களுக்குள்ளே வட்டத்தகடு செக்கச்செவேலென்று கனன்றுகொண்டிருக்கும். வலப்பக்கம் திரும்பி வேகம் எடுத்ததும் அந்தச் சிவப்பு மெல்ல மங்கிவிடும். அடுத்த கார் வந்துவிடும். இதை ஒரு மணி நேரம் பார்த்தாலும் சலிக்காது.

அங்கேயே கண்ணை மூடிக் காதால் பழகுங்கள். காடிலாக்கின் 5.5 லிட்டர் வி8 அடிவயிற்றில் அதிரும் இடி. 2025-இல் வந்த ஆஸ்டன் மார்ட்டின் வால்கிரியின் வி12 வீறிட்டு அலறும். ஃபெராரியின் டர்போ வி6 அடக்கமாகக் கடந்துவிடும். விடிவதற்குள் சத்தத்தை வைத்தே கார் பெயர் சொல்லிவிடுவீர்கள். நடுவே நேரம் கிடைத்தால் தேர்த்ர் ரூஜ் மேட்டுக்கும் போங்கள். அங்கிருந்துதான் கார்கள் ஹுனோதியேர் நெடுஞ்சாலைக்குள் பாய்கின்றன. மற்ற நாட்களில் அது பொதுமக்கள் போகும் சாலை. சுமார் ஆறு கிலோமீட்டர் நேர்ச்சாலையில் வேகம் எல்லை மீறிப் போனதால் 1990-இல் இரண்டு தடுப்பு வளைவுகளை வைத்தார்கள்.

அதிகாலை இரண்டு மணிக்கு மேல் கொஞ்சம் தூங்குங்கள், தவறில்லை. விடியலை மட்டும் விட்டுவிடாதீர்கள். குளிர்ந்த காற்றில் எஞ்சின்கள் தெம்பாக ஓடும், களைத்த ஓட்டுநர்களும் வேகம் கூட்டுவார்கள். வெளிச்சம் வந்ததும் கார்களைப் பாருங்கள். முகப்பெங்கும் பூச்சி, ரப்பர்த் துணுக்கு, பிரேக் கரி, ஒட்டுப்போட்ட உடற்பகுதி. சனிக்கிழமை பளபளத்தவையா இவை என்று தோன்றும்.

முடிவுக்கு முன் கிளம்பிவிடாதீர்கள். 2016-இல் முதலிடத்தில் இருந்த டொயோட்டா மூன்றே நிமிடம் மீதமிருக்கையில் சக்தி இழந்து நின்றது, போர்ஷே வென்றது. டொயோட்டாவுக்கு முதல் வெற்றி 2018-இல்தான் கிடைத்தது.

பாரிஸ் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் லெ மான் வந்துவிடலாம். நகரிலிருந்து டிராக்வரை டிராம் உண்டு. பொது நுழைவுச்சீட்டே போதும், டிராக்கைச் சுற்றிப் பார்க்க அதுதான் வசதி. மாடத்தில் ஓர் இருக்கையோடு கட்டுண்டு கிடப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். காதடைப்பான், மழைச்சட்டை, கம்பளி, நடக்கத் தோதான காலணி, 91.2 எஃப்.எம். பிடிக்கும் சிறு வானொலி ஆகியவை அவசியம். ஆங்கில வர்ணனை அதில் வரும். வெள்ளிக்கிழமையே போய்விட்டால், நகரத் தெருக்களில் ஓட்டுநர்கள் ஊர்வலமாக வருவதையும் பார்க்கலாம்.

போக வாய்ப்பில்லாதவர்கள் வீட்டிலிருந்தே தொடங்கலாம். இந்திய நேரப்படி சனிக்கிழமை இரவு 7.30-க்குத் தொடக்கம். அப்போது ஒரு மணி நேரம் பாருங்கள். பிறகு நள்ளிரவு கடந்து இரண்டு மணிக்கு மேல், அங்கே இருட்டி விளக்குகள் ஓடும்போது இன்னொரு மணி நேரம். ஞாயிறு காலை 9.30-க்கு அங்கே பொழுது விடிந்திருக்கும். அப்போதும் திரைக்கு முன்னால் இருங்கள்.