போர்க்களத்தில் பேர் பதியாதவர்கள்

திம்புள்ளப் பக்கத்துத் தோட்டங்களில் கூத்து என்று சொன்னால் காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகிய மூன்றும்தான் முதலில் வாயில் வரும். உயர்ந்த மரத்தில் ஏறி, பாசுபதம் வேண்டி அருச்சுனன் தவம் கிடப்பதைப் பார்க்க, பனியையும் பொருட்படுத்தாமல் சனம் விடிய விடிய உட்கார்ந்திருக்கும். அப்படிக் கூத்துப் பார்த்த ஒரு மாணவன் மறுநாள் வகுப்பில் என்னிடம் கேட்டான்:

“சேர், அருச்சுனனுக்கு அரவான்னு ஒரு மகன் இருந்தாராம். அவர பலி குடுத்துட்டாங்கன்னு எங்க தாத்தா சொன்னாரு. அவரோட அம்மாகிட்ட யாராச்சும் கேட்டாங்களா சேர்?”

தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்துப் பட்டம் வாங்கிய எனக்கு உடனே பதில் வரவில்லை. அவனுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத் தேடியதில் எழுந்ததே இக்கட்டுரை.

‘முஸ்லிம் வாத்தியாருக்குப் பாரதத்தில் என்ன வேலை?’ என்று கேட்போர் எங்கட ஆட்களிலும் உண்டு. சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்த மு.மு. இஸ்மாயில் கம்பனில் ஊறித் திளைத்தவர். வாலி வதையை ஒரு நீதிபதியின் கண்ணோடு ஆராய்ந்தவர். அதனால் அவரது ஈமானுக்கு ஒரு குறையும் வரவில்லை. நம்பிக்கை வேறு, இலக்கிய வாசிப்பு வேறு.

இனி விடயத்துக்கு வருவோம். வியாசர் அரவானை இராவான் என்கிறார். நாககன்னி உலூபிக்கும் அருச்சுனனுக்கும் பிறந்து, தாயிடமே வளர்ந்தவன். இந்திரலோகத்தில் தகப்பனைக் கண்டபோது, ‘போர் வரும்போது வந்து உதவு’ என்று கேட்கப்படுகிறான். சொன்ன சொல் தவறாமல் வருகிறான். எட்டாம் நாள் போரில் அலம்புசன் என்ற அரக்கன் அவன் தலையைக் கொய்கிறான். அந்த நேரத்தில் அருச்சுனன் வேறோர் இடத்தில் போரிட்டுக்கொண்டிருக்கிறான். மகன் இறந்தது அவனுக்குத் தெரியாது. அதைக் கண்டு களமே அதிரக் கதறுபவன் பீமனின் மகன் கடோற்கசன். காட்டில் பிறந்த ஒருவனுக்காக முதலில் கதறியவன் காட்டில் பிறந்த மற்றொருவன்தான். வீட்டுக்காரருக்குச் செய்தி பிறகுதான் போகிறது.

அந்தக் கடோற்கசனின் கதியும் இதுதான். அருச்சுனனுக்கென்று கர்ணன் பொத்திப் பொத்தி வைத்திருந்த சக்தி ஆயுதம் பதினான்காம் நாள் இரவில் இவன்மேல் செலவாகிறது. பாண்டவர் அழ, கண்ணனோ மகிழ்கிறான். அருச்சுனன் தப்பினான் என்பதுதான் கணக்கு.

மூன்றாமவன் யுயுத்சு. திருதராட்டிரனுக்கு வைசியப் பெண்ணிடம் பிறந்தவன். போர் தொடங்கும் நாளிலேயே அணி மாறிப் பாண்டவர் பக்கம் வந்தவன். அந்தத் தகப்பனின் ஆண்மக்களில் போருக்குப் பின் உயிரோடு மிஞ்சியவன் இவன் ஒருவனே. கடைசியில் பாண்டவர் நாட்டை விட்டுப் போகும்போது, பரீட்சித்துவுக்கு முடி. யுயுத்சுவுக்கு மேற்பார்வைப் பொறுப்பு.

மூவரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓர் ஒற்றுமை தெரியும். மூவரின் தாய்மாரும் அரண்மனைப் பட்டத்தரசிகள் அல்லர்: ஒருத்தி நாககன்னி, ஒருத்தி அரக்கி, ஒருத்தி வைசியப் பெண். வீரத்தில் மூவருக்கும் குறைவில்லை. ஆனால் யாரை எவ்வளவு நேரம் அழ வேண்டும் என்பதைக் காவியத்தில் தீர்மானிப்பது வீரம் மட்டுமல்ல, தாயின் இடமும்தான். அபிமன்யுவுக்கு விழுந்த கண்ணீரை இவர்களுக்கு விழுந்ததோடு ஒப்பிட்டால் இது விளங்கும்.

தமிழ் மரபு அரவானைக் கைவிடவில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் பெருந்தேவனார் பாடிய பாரதவெண்பாவிலேயே அவன் களப்பலியாகிறான். பின்வந்த வில்லிபுத்தூராரும் அதைப் பாடுகிறார். வெற்றிக்காகக் குறையற்ற ஓர் ஆண்மகனைப் பலியிட வேண்டும். கண்ணன், அருச்சுனன், அரவான் ஆகிய மூவருமே தகுதியானவர்கள். முதல் இருவரையும் இழக்க முடியாது என்று சனங்களிடையே ஒரு கதை உண்டு. அரவானும் சம்மதிக்கிறான். இங்கேதான் எனக்கு நெருடுகிறது. அவனுடைய சம்மதத்தை அழகாகச் சொல்லச் சொல்ல, கேட்டவர்கள் செய்த காரியம் மறைந்து போகிறது. உலூபியிடம் யாரும் கேட்கவில்லை.

புலவர் விட்ட இடத்தைச் சனங்கள் நிரப்பினார்கள் என்பேன். தமிழ்நாட்டுக் கூவாகத்தில் சித்திரை முழுநிலவை ஒட்டி, திருநங்கையர் அரவானுக்காகத் தாலி கட்டி, மறுநாள் அதை அறுத்து அழுகிறார்கள். அந்தச் சடங்கு எங்கள் மார்க்கத்துக்கு உடன்பாடானதல்ல. ஆனாலும், அழ ஆளில்லாதவனுக்கு அழுவதற்கு ஆள் வேண்டும் என்ற அந்த எண்ணத்தை ஓர் இலக்கிய மாணவனாக நான் மதிக்கிறேன்.

எங்கட மரபைப் பார்த்தால், இப்ராஹீம் (அலை) அவர்களின் வரலாற்றில் மகன் சம்மதித்த பிறகும் கத்தி அவர்மேல் இறங்கவில்லை. பலிக்கு ஆடு வந்தது. பத்ரு களத்தில் ஷஹீதானவர்கள் 14 பேர். முதலில் வீழ்ந்தவர் உமர் (ரலி) அவர்கள் விடுதலை செய்த அடிமையான மிஹ்ஜஃ (ரலி) என்று வரலாற்றாசிரியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். குறைஷித் தலைவர்களின் பெயர்களோடு அவர் பெயரும் இருக்கிறது. ஆனால் நாமும் பெருமையடித்துக்கொண்டு நிற்க முடியாது. எங்கள் புலவர்கள் பாடிய படைப்போர் இலக்கியங்களில் அலி (ரலி) அவர்களின் வாள் பளபளக்கும் அளவுக்கு, பக்கத்தில் நின்ற சாதாரணப் போர்வீரர் தெரிவதில்லை. அங்கே மிஹ்ஜஃகளைத் தேடும் ஆய்வு நம்மிடம் இன்னும் போதாது.

இதெல்லாம் பழங்கதை என்று தள்ளிவிடலாம். ஆனால் என் வகுப்பில் இருப்பவர்கள் யாருடைய பேரப்பிள்ளைகள்? 1948ஆம் ஆண்டுச் சட்டம் இம்மக்களைக் குடியுரிமை அற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரண்டு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. காலையில் பெரட்டுக்களத்தில் பேர் பதிந்து, கொழுந்து பறித்து நாட்டுக்கு உழைத்தவர்களிடம், அந்த மேசையில் யாரும் கேட்கவில்லை. அரவானிடமாவது ஒப்புக்குக் கேட்டார்கள்.

ஆகவே அந்தப் பிள்ளையின் கேள்வி பாடத்துக்கு வெளியிலான கேள்வி அல்ல. பாரதத்தை விளங்கிக்கொள்ள அதுவே வாசல். பாத்திரப் பண்புகளைப் பட்டியல் போட்டு மனனம் செய்வித்துப் பரீட்சைக்கு அனுப்பும் நாங்கள், ‘இந்த வெற்றிக்கு விலை கொடுத்தவர் யார்? அவரை அழுதவர் யார்?’ என்றும் கேட்டுப் படிப்பிக்க வேண்டும்.

அடுத்த வாரம் அவனுக்குச் சொன்னேன்: “இல்ல மகன், யாரும் கேட்கல்ல.”

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவன் சொன்னான்: “அப்ப கூத்துல அந்த அம்மாவுக்கும் ஒரு வேஷம் போடணும் சேர்.”

நான் படித்த உரைகள் எதிலும் இப்படியொரு விமர்சனத்தைக் கண்டதில்லை.